கிறிஸ்தவ வாசகராகப் புத்தக விமரிசனம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சபை மாத இதழுக்குப் புத்தக விமரிசனம் எழுதித் தருகிறவர்களின் பிரதிகளைப் பல வருடங்களாகப் படித்துத் திருத்தி வருகிறேன். புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான். புத்தகம் என்ன சொல்கிறது என்று சொல்வதற்கு முன்பே அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுகிறார்கள். நாவலாக இருந்தால் "இதில் இரட்சிப்பின் செய்தி இல்லை" என்பார்கள். ஊழியர் ஒருவரின் நூலாக இருந்தால் "மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது" என்பார்கள். இரண்டையும் படிக்கிறவருக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் 18:13. கீழே வரும் படிகளின் வரிசை இந்த வசனத்தை ஒட்டியது. முதலில் கேட்க வேண்டும், பிறகு கேட்டதை நேர்மையாகச் சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் எடைபோட வேண்டும். ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் எழுதுவதெல்லாம் ஊகமாகிவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

புத்தகம் உங்கள் சொந்தப் பிரதியாக இருந்தால் நல்லது. பென்சிலால் கோடு போட முடியும், ஓரத்தில் குறிக்க முடியும். இரவல் புத்தகம் என்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பு எழுதும் நேரத்தில் உதவாது.

வேதாகமம் இரண்டு மொழிபெயர்ப்புகளில் வேண்டும். சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995-ல் வெளியான திருவிவிலியம் போன்ற இக்கால மொழிபெயர்ப்பு இன்னொன்று. ஆசிரியர் ஒரு வசனத்தின் மேல் பெரிய வாதத்தைக் கட்டியிருந்தால், அது ஒரு மொழிபெயர்ப்பின் ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறதா என்று பார்க்க இரண்டும் தேவைப்படும். கத்தோலிக்க ஆசிரியர்கள், சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லாத தோபித்து, சீராக், மக்கபேயர் நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவார்கள். "வேதத்தில் இல்லாத வசனம்" என்று ஒரு சீர்திருத்த சபை வாசகர் அவசரப்பட்டு எழுதிவிடாமல் இருக்கவும் திருவிவிலியம் உதவும்.

இன்னும் இரண்டு காரியங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். யாருக்காக எழுதுகிறீர்கள்? வாலிபர்களுக்கா, பெற்றோர்களுக்கா, சபை நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிறவருக்கா? எத்தனை வார்த்தைகள்? 600 வார்த்தைக்குள் எழுத வேண்டிய விமரிசனத்தை 2000 வார்த்தையில் எழுதிவிட்டு வெட்டினால், முதலில் வெட்டுப்படுவது உதாரணங்கள்தான். உதாரணம் போய்விட்டால் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சும்.

2. நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்தவப் பார்வை என்று சொல்லும்போது எந்தக் கிறிஸ்தவப் பார்வை என்ற கேள்வி உடனே வரும். கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே, சகோதர சபை என்று ஒவ்வொருவரும் ஒரு மரபிலிருந்து வாசிக்கிறோம். அது குறையல்ல. ஆனால் தன் சபையின் வழக்கத்தையே விசுவாசத்தின் அடிப்படை என்று எண்ணிக்கொண்டு வாசித்தால் புத்தகத்துக்கு அநியாயம் செய்துவிடுவோம்.

நோட்டில் மூன்று பட்டியல் போடச் சொல்லி நான் புதியவர்களிடம் கேட்பதுண்டு. முதல் பட்டியலில், ஆதித் திருச்சபை தன் விசுவாசத்தைச் சுருக்கிச் சொன்ன நைசியா விசுவாசப் பிரமாணத்தில் உள்ளவை: ஒரே தேவன், சிருஷ்டிப்பு, கிறிஸ்துவின் தெய்வீகம், சிலுவை, உயிர்த்தெழுதல், வரப்போகிற நியாயத்தீர்ப்பு. இரண்டாவதில் சபைக்குச் சபை வேறுபடுகிறவை: குழந்தை ஞானஸ்நானம், அந்நிய பாஷை, திருவிருந்தைப் பற்றிய விளக்கம், ஆயிர வருட அரசாட்சி. மூன்றாவதில் நம் சொந்த விருப்பு வெறுப்புகள்: நகை அணிவது, சினிமா பார்ப்பது, ஆராதனையில் கைதட்டுவது.

புத்தகத்தில் ஏதாவது உறுத்தினால் அது எந்தப் பட்டியலில் விழுகிறது என்று பாருங்கள். முதல் பட்டியல் என்றால் உறுதியாக எழுதுங்கள். இரண்டாவது என்றால் "எங்கள் சபை மரபு இதை வேறு விதமாகப் பார்க்கிறது" என்று எழுதுங்கள். மூன்றாவது என்றால் பெரும்பாலும் எழுதவே தேவையில்லை.

ஆசிரியரோடு உங்களுக்கு உள்ள உறவும் நிற்கும் இடத்தில் சேர்ந்ததுதான். நம் வட்டாரத்தில் இது பெரிய சிக்கல். புத்தகம் எழுதியவர் சொந்தப் போதகராக இருப்பார், அல்லது ஞாயிற்றுக்கிழமை எதிரில் வந்து "தம்பி, படிச்சீங்களா?" என்று கேட்கும் அண்ணனாக இருப்பார். அப்படிப்பட்ட புத்தகத்துக்கு வாழ்த்துரை எழுதுவதில் தவறில்லை, அதை விமரிசனம் என்ற தலைப்பில் போடாமல் இருந்தால் போதும். இல்லையென்றால் உறவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். ஆசிரியரோ பதிப்பகமோ பிரதியை இலவசமாகக் கொடுத்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

3. முதல் வாசிப்பு: தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்

தமிழ்க் கிறிஸ்தவ நூல்களில் முதல் பத்துப் பதினைந்து பக்கங்கள் அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை என்று போகும். அவற்றைத் தாண்டி நேராக நூலுக்குள் போங்கள். அணிந்துரையைக் கடைசியில் படிக்கலாம். முதலிலேயே படித்தால் பேராயர் சொன்ன வாக்கியம் உங்கள் விமரிசனத்தில் உங்களை அறியாமல் வந்து உட்கார்ந்துவிடும். பின்னட்டைக் குறிப்புக்கும் இதே விதி.

கடைசிப் பக்கம் வரைக்கும் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு எழுதும் விமரிசனங்கள் நிறைய வருகின்றன, கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லா மேற்கோளும் முதல் 40 பக்கத்துக்குள்ளேயே இருக்கும். படித்து முடிக்க முடியாத அளவுக்கு மனசாட்சி இடறினால் நிறுத்திவிடுங்கள். அப்போது அந்தப் புத்தகத்துக்கு விமரிசனம் எழுதாதீர்கள்.

முதல் வாசிப்பில் ஓரத்தில் மூன்று குறிகள் போதும். நெஞ்சைத் தொட்ட இடத்துக்கு ஒரு கோடு, புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி, சம்மதமில்லாத இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. விளக்கம் எழுத வேண்டாம். 50-ஆம் பக்கத்தில் போட்ட பெருக்கல் குறிக்கு 200-ஆம் பக்கத்தில் ஆசிரியரே பதில் சொல்லியிருப்பார்.

4. ஆசிரியர் ஒத்துக்கொள்ளும்படி சுருக்கம் எழுதுங்கள்

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்பதை ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். இதில் உங்கள் அபிப்பிராயம் ஒரு சொல் கூட இருக்கக் கூடாது. ஆசிரியர் படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத புத்தகமாக இருந்தாலும் இதே அளவுகோல்தான்.

இந்தப் படியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளை விமரிசகருக்கும் பொருந்தும். ஒருவர் சொல்லாததைச் சொன்னார் என்று அச்சில் போடுவது பொய்ச்சாட்சி. அவர் நாத்திகராக இருந்தாலும் வேற்று மதத்தவராக இருந்தாலும் அவர் நமக்குப் பிறன்தான்.

பவுல் அத்தேனே பட்டணத்தில் செய்ததைப் பாருங்கள். "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று அப்போஸ்தலர் 17:28-ல் மேற்கோள் காட்டுகிறார். அந்த அடி அராட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞருடையது. அந்தக் கவிதை கிரேக்கரின் தலைமைத் தெய்வத்தைப் பாடித் தொடங்குவது. பவுலுக்கு அந்தத் தெய்வத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கவிஞர் சொன்னதை அப்படியே எடுத்து, அதில் உள்ள உண்மையை ஏற்று, அங்கிருந்து தன் வாதத்தைத் தொடங்குகிறார். நம் மதத்தைச் சேராதவர் எழுதிய புத்தகத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

சுருக்கம் எழுத வரவில்லை என்றால் புத்தகம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். திரும்பப் போய்ப் படியுங்கள்.

5. நாவல், சிறுகதை என்றால்: எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். புனைவில் கொலை வருகிறது, விபசாரம் வருகிறது, குடி வருகிறது. உடனே பிலிப்பியர் 4:8-ஐ எடுத்துக்கொண்டு "இவை சிந்திக்கத் தகாதவை" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வசனத்தின் பட்டியலில் முதலில் நிற்பது "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்பதுதான். பாவத்தைப் பாவமாக, அதன் விளைவோடு காட்டும் கதை உண்மையான கதை. பாவமே இல்லாத மனிதர்களைக் காட்டும் கதை அழகாக இருக்கலாம், உண்மையாக இருக்காது.

வேதாகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் தாவீது பத்சேபாளை அழைப்பிக்கிறான். அவள் கணவன் உரியாவின் மரணத்துக்கான கடிதத்தை அந்த உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். அதிகாரம் முழுவதும் கதை சொல்கிறவர் கண்டித்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசி வசனத்தின் கடைசி வாக்கியத்தில்தான், "தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது" என்று வருகிறது. அதுவரை மௌனம். அந்த மௌனம்தான் கடைசி வாக்கியத்தை இவ்வளவு கனமாக்குகிறது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி ராஜாவைப் பிடிப்பதும் ஒரு கதையைச் சொல்லித்தான், ஆட்டுக்குட்டிக் கதையை.

ஆகவே புனைவில் கேட்க வேண்டியது பாவம் வருகிறதா என்பதல்ல. அதைக் கதை எந்தப் பக்கம் நின்று பார்க்கிறது? அதற்கு விலை உண்டா? யார் அந்த விலையைக் கொடுக்கிறார்கள்? வாசகனை அந்தப் பாவத்தில் ருசி காண வைக்கிறதா, அல்லது பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் உட்கார வைக்கிறதா?

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் நாவல் 1866-ல் வெளிவந்தது, எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. ஒரு மாணவன் இரண்டு பெண்களைக் கோடரியால் கொல்கிறான். குடும்ப வறுமையால் விபசாரத்துக்குத் தள்ளப்பட்ட சோனியாவின் அறைக்கு அவன் ஒரு நாள் வருகிறான். அங்கே ஒரு பழைய புதிய ஏற்பாடு இருக்கிறது. லாசருவை உயிரோடு எழுப்பிய பகுதியை வாசிக்கச் சொல்கிறான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் யோவான் 11-ஐ வாசிக்கிறாள். அதற்கு முன்பு, "இந்தப் புத்தகம் எங்கே கிடைத்தது?" என்று கேட்கிறான். லிசவேத்தா கொடுத்தாள் என்கிறாள். லிசவேத்தா அவன் கோடரிக்குப் பலியான இரண்டாவது பெண்.

வாசிக்கும் நமக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். சோனியாவுக்குத் தெரியாது. ஆசிரியர் நின்று விளக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. கொல்லப்பட்டவளின் வேதப் புத்தகத்திலிருந்து கொலைகாரனுக்கு உயிர்த்தெழுதல் வாசிக்கப்படுகிறது, அவ்வளவுதான். நாவலின் முடிவில் சைபீரியச் சிறையில் அதே புத்தகம் அவன் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அப்போதும் அவன் அதைத் திறக்கவில்லை. மனந்திரும்புதலை அவசரப்படுத்தாத இந்தப் பொறுமையைக் கவனித்து எழுதினால் அது கிறிஸ்தவ விமரிசனம். "கதாநாயகன் கொலைகாரன், நாயகி விபசாரி, தவிர்க்கவும்" என்று எழுதினால் அது புத்தகத்தைப் பற்றியதே அல்ல.

கிறிஸ்தவ நாவல் என்றே வெளிவருகிறவற்றில் வேறு கேள்விகள் கேட்க வேண்டும். கதை முடிச்சை ஜெபம் ஒன்று வந்து நினைத்த மாத்திரத்தில் அவிழ்க்கிறதா? வேற்று மதப் பாத்திரங்கள் எல்லாரும் கொடியவர்களாகவோ அப்பாவிகளாகவோ மட்டும் இருக்கிறார்களா? இரண்டு பேர் டீக்கடையில் பேசும் பேச்சு திடீரென்று மூன்று பக்கப் பிரசங்கமாக மாறுகிறதா? இவற்றைக் குறை என்று சொல்லத் தயங்காதீர்கள். சுவிசேஷம் சொல்கிறது என்பதற்காக மோசமான கதை நல்ல கதையாகிவிடாது. மோசமாகச் சொல்லப்படும் சுவிசேஷம் வாசகனை விலகவும் வைக்கும்.

வன்முறை, ஆபாசம், வசைச்சொல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள், எந்த வயதுக்குப் பொருந்தும் என்றும் சொல்லுங்கள். பெற்றோருக்கு அது தேவைப்படும். ஆனால் எத்தனை கெட்ட வார்த்தை என்று எண்ணிக் கணக்குக் கொடுப்பது வேண்டாம். அந்தக் காட்சிகளை விவரிப்பதும் வேண்டாம்.

கதையின் முடிவைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். புதிய நாவல் என்றால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சொல்லலாம், அதற்கு மேல் போக வேண்டாம். 150 வருடப் பழமையான நாவலில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

6. கட்டுரை நூல் என்றால்: வசனத்தையும் தகவலையும் சரிபாருங்கள்

பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டப்பட்டார்கள். ஊழியரின் நூலைச் சரிபார்ப்பது அவரை அவமதிப்பது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் வசனங்கள். புத்தகத்தின் மையக் கருத்தைத் தாங்கும் வசனங்கள் எவை என்று ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். யார் யாருக்குச் சொன்னது, எந்தச் சூழ்நிலையில், கட்டளையா வாக்குத்தத்தமா வாழ்த்தா என்று நோட்டில் எழுதுங்கள்.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். செழிப்பைப் பற்றிய நூல்களில் 3 யோவான் 2 அடிக்கடி வரும்: "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." விசுவாசி எவனும் வியாதியோடும் கடனோடும் இருப்பது தேவசித்தமல்ல என்பதற்கு இதை ஆதாரமாக வைப்பார்கள். கடிதத்தைத் திறந்தால் முதல் வசனம் "காயுவுக்கு எழுதுகிறதாவது" என்கிறது. அடுத்து வருவது ஒரு மூப்பர் தன் நண்பருக்குக் கடிதத் தொடக்கத்தில் சொல்லும் அன்பான வாழ்த்து. நாம் கடிதத்தில் நலம் நலமறிய ஆவல் என்று எழுதுவதில்லையா, அந்த இடத்தில் வருவது. அது நல்ல ஜெபம்தான். எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்குமான வாக்குத்தத்தம் என்று அதை மாற்ற வேண்டுமானால் ஆசிரியர் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அதை விமரிசனத்தில் எழுதுங்கள். ஆசிரியரின் பெயரைக் கெடுக்காமல், வசனத்தைத் திறந்து காட்டினாலே வாசகர் புரிந்துகொள்வார்.

நல்ல எதிர்காலத்துக்கான வாக்குத்தத்தமாக எடுத்துக்காட்டப்படும் எரேமியா 29:11-க்கும் இதே சோதனை செய்யலாம். அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது.

அடுத்தது தகவல்கள். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. உங்களுக்கே சந்தேகம் வரும் மூன்று நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். மிஷனெரி வரலாறுகளில் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு அச்சிட்டதுதான் முதல் தமிழ் அச்சுப் புத்தகம் என்று இருக்கும். சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706-ல். தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. இப்படி ஒரு பிழையால் புத்தகம் முழுவதும் தள்ளுபடியாகாது. ஆனால் ஆசிரியர் மூல ஆவணங்களைப் பார்த்தாரா, கேள்விப்பட்டதை எழுதினாரா என்பது அதில் தெரியும்.

மிஷனெரி வாழ்க்கை வரலாற்றில் நான் வழக்கமாகப் பார்க்கும் இன்னொன்று, உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர் இருக்கிறதா என்பது. வெளிநாட்டு ஊழியரின் குழந்தைப் பருவம்கூட விவரமாக இருக்கும். அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவரும் அவரோடு ஊர் ஊராக நடந்தவரும் "ஒரு சுதேசி" என்று ஒரு வரியில் போய்விடுவார்கள். சீகன்பால்குக்கு உதவிய அழகப்பன் என்ற துபாஷியின் (மொழிபெயர்த்துச் சொல்கிறவரின்) பெயர் ஆவணங்களில் இருக்கிறது. பெயர் கிடைத்தும் விட்டுவிட்ட நூலில் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

சாட்சி நூல்களை எடைபோடுவதுதான் கடினம். தனிப்பட்ட அனுபவத்தை எப்படிச் சோதிப்பது என்று கேட்டு, பலர் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2010-ல், விபத்தில் சிக்கிய ஒரு சிறுவன் பரலோகம் போய் வந்ததாகச் சொல்லும் புத்தகம் வெளிவந்து ஏராளமாக விற்றது. 2015-ல் அந்தப் பையனே, தான் பரலோகம் போகவில்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னது என்று பகிரங்கமாக எழுதினான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அதைப் புகழ்ந்து எழுதியவர்கள் எல்லாம் என்ன செய்திருப்பார்கள்? சாட்சியை நம்பாதே என்று நான் சொல்லவில்லை. "ஆசிரியர் சொல்கிறபடி" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். இடம், வருடம், கூட இருந்தவர்கள் பற்றிய விவரம் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதையும் இல்லாததையும் சொல்லுங்கள். அனுபவத்திலிருந்து உபதேசத்தை உண்டாக்குகிறாரா என்றும் பாருங்கள்.

கடைசிக்கால நூல்களுக்கு ஒரு கேள்வி போதும்: தேதி குறித்திருக்கிறதா? 1988-ல் கிறிஸ்துவின் வருகையில் சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று 88 காரணங்களை அடுக்கிய ஒரு சிறு நூல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் பரவியது. அந்த வருடம் கடந்ததும் அதே ஆசிரியர் 1989 என்று எழுதினார். அந்த நாளை ஒருவனும் அறியான் என்று சொல்லும் மத்தேயு 24:36 இருக்கும்போது இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் குறை யாருடையது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஓடாத வாக்கியம் மொழிபெயர்ப்பாளருடையதாக இருக்கலாம், வாதம் ஆசிரியருடையது.

7. இப்போது எடைபோடுங்கள்

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தில் இரண்டு வேலை இருக்கிறது. நம்மில் பலர் சோதிப்பதோடு நின்றுவிடுகிறோம். ஆகவே நோட்டில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியதை எழுதுங்கள். பிறகு சம்மதமில்லாததை எழுதி, இரண்டாம் படியில் போட்ட மூன்று பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

எழுத்தின் தரம், விசுவாசப் பார்வை இரண்டையும் தனித்தனியாக எடைபோடுங்கள். உபதேசம் சரியாக இருந்து எழுத்து சோர்ந்திருக்கலாம். எழுத்து அபாரமாக இருந்து வாழ்க்கையைப் பற்றிய பார்வையில் நாம் முழுவதும் வேறுபடலாம். "அருமையான நாவல், இதன் விரக்தியை நான் ஏற்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

8. எழுதும் வரிசை

600 வார்த்தை விமரிசனம் என்று வைத்துக்கொள்வோம். நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பக்கம், விலை தலைப்புக்குக் கீழே. முதல் பத்தி புத்தகத்துக்குள்ளிருந்தே ஒரு காட்சி அல்லது ஒரு கேள்வி. "கர்த்தருடைய பெரிதான கிருபையால் இந்நூலை வாசிக்கும் பாக்கியம் கிடைத்தது" என்று தொடங்கினால் அதை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டலாம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அடுத்து 150 வார்த்தைக்குள் சுருக்கம். பிறகு எழுத்தின் தரம், அதற்குப் பக்க எண்ணோடு ஒரு மேற்கோளாவது. அதற்கு அப்புறம் விசுவாச எடை. கடைசியில் யாருக்கு ஏற்றது என்று ஒரு பத்தி.

"ஒவ்வொரு கிறிஸ்தவரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்" என்று முடிக்காதீர்கள். எல்லாருக்கும் ஏற்ற நூல் என்று எதையும் சொல்ல முடியாது. "கல்லூரி சேரும் பிள்ளை உள்ள பெற்றோருக்கு உதவும், புதிய விசுவாசி இதைத் தனியாகப் படிப்பதைவிட ஒருவரோடு சேர்ந்து படிப்பது நல்லது" என்பது போல எழுதினால் வாசகர் தானே முடிவு செய்வார்.

வசனங்களைத் தோரணமாகக் கட்ட வேண்டாம். விமரிசனத்துக்கு ஒன்றிரண்டு வசனம், வாதத்துக்குத் தேவைப்படும் இடத்தில்.

9. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு 1964-ல் வெளிவந்த நாவல். அதைப் பற்றி இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"இது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றிய நாவல். ஆசிரியை கிறிஸ்தவராக இருந்தும் சுவிசேஷச் செய்தி நேரடியாக இல்லை. காதல் அதிகமாக வருகிறது. வட்டார வழக்கு புரியவில்லை. ஆனாலும் நல்ல முயற்சி."

முதல் வாக்கியத்தைத் தவிர மற்ற நான்கும் தீர்ப்பு. கதாநாயகி லிஸி யார் என்று தெரியவில்லை, வீடு கண்ணுக்கு வரவில்லை. நாவலில் இல்லாததைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது, இருப்பதைப் பற்றி ஒன்றுமில்லை. திருத்தினால் இப்படி வரும்:

"லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது, உலகம் வீட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. ஜெபமும் வேதமும் அறிந்த குடும்பம்தான். ஆனால் அவளை உள்ளே வைத்திருப்பது வீட்டின் பழம்பெருமை. பனையேறியின் மகன் தங்கராஜை அவள் விரும்பும்போது அந்தப் பெருமை குறுக்கே நிற்கிறது. ஆசிரியை யாரையும் திட்டவில்லை. பெயரளவில் நாம் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்று சொல்லிக்கொண்டு, கல்யாணப் பேச்சில் எதைப் பார்க்கிறோம் என்ற கேள்வியை வாசகரிடமே விட்டுவிடுகிறார். குமரி மாவட்டப் பேச்சு முதல் சில பக்கங்களில் தடுக்கும். பழகிவிட்டால் பாத்திரங்களின் குரல் அதில்தான் கேட்கிறது."

இரண்டாவதிலும் அபிப்பிராயம் இருக்கிறது. விசுவாசப் பார்வையும் இருக்கிறது, முதல் பத்தியைவிட அதிகமாகவே. ஆனால் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்து எழுதப்பட்டிருக்கிறது.

10. அனுப்புமுன், அச்சான பின்

எழுதியதை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். மேற்கோள்களை எழுத்துக்கு எழுத்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வசன எண்களை வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், நினைவிலிருந்து எழுதிய எண் அடிக்கடி ஒன்றிரண்டு தள்ளிப்போகும். "ஆசிரியர் வஞ்சிக்கிறார்", "கள்ளப்போதகர்" போன்ற சொற்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். கருத்து தவறு என்று காட்ட உங்களிடம் பக்கமும் வசனமும் இருக்கிறது, ஒருவரின் உள்நோக்கத்தைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

ஆசிரியரின் முகத்துக்கு நேரே இதை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஐயா, இந்த இடத்தில் எனக்குச் சம்மதமில்லை" என்று அவரிடம் சொல்லக்கூடிய அதே தொனியில் இருந்தால் சரி.

அச்சான பிறகு பதில்கள் வரும். ஆசிரியர் தகவல் பிழையைக் காட்டினால் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள், விமரிசனம் வந்த அதே பக்கத்தில். கருத்து வேறுபாடு என்றால் அவர் பதிலை முழுமையாகப் போடச் சொல்லி இதழாசிரியரிடம் கேளுங்கள், அதற்குக் கீழே மறுபதில் எழுத வேண்டாம். விமரிசனத்துக்காக எடுத்த குறிப்புகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதில் எழுத வேண்டி வந்தால் அந்தப் பக்க எண்கள் தேவைப்படும்.